வழியோரக் கற்சிலுவைகள்

பிரான்சு தேசத்தின் வடமேற்கு மூலையில், கடலுள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரெத்தாஞ் என்பது. அந்நாட்டு முச்சந்திகளிலும் வயலோரங்களிலும் ஊரெல்லைகளிலும் பழைய கற்சிலுவைகள் நிற்கின்றன. அவற்றின் படங்களையும், அறிஞர் அவைபற்றி எழுதியவற்றையும் சில காலமாகக் கற்று வருகின்றேன். கற்குந்தோறும் ஒரு வினா என் உள்ளத்தில் எழுகின்றது: இவை சமயச் சின்னங்கள் மட்டுந்தாமா?

பிரெத்தாஞ்சின் மேற்கெல்லையிலுள்ள பினிஸ்தேர் மாவட்டத்தின் சிலுவைகளை இவ்-பஸ்கால் கஸ்தெல் என்னும் குருவானவர் ஊரூராகத் தேடித் தொகுத்து, 1980 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதில் இடம்பெற்றவை ஏறத்தாழ 3,000. அவற்றுட் பல அணியேதுமின்றி நிற்கும் ஒற்றைக் கற்கள். வழிப்போக்கனுக்குத் திசை காட்டியும், இறந்தாரை நினைவூட்டியும், வேண்டுதலுக்கு இடமளித்தும் அவை ஊராரோடு வாழ்ந்தன.

சில ஊர்களில் இவ்வொற்றைக் கல் பெருஞ்சிற்பத் தொகுதியாக வளர்ந்தது. அதனைக் கல்வாரி என்பர். கிமிலியோ என்னும் சிற்றூரின் கல்வாரியில் 1581, 1588 என்னும் ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. யேசுநாதரின் வரலாற்றைக் கூறும் உருவங்கள் அதில் இருநூறு வரையில் உள. ஆங்குள்ள போர்வீரர் பலர் அணிந்திருப்பது உரோம உடையன்று. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உடை. எழுத்தறியாத உழவனுக்கு அக்கல்லே ஏடாயிற்று. பண்டைக் கதை அவன் காலத்துக் கதையும் ஆயிற்று.

புளுகஸ்தெல் என்னும் ஊரின் கல்வாரியோ துயரத்திற் பிறந்தது. 1598 இல் அவ்வூரைக் கொள்ளைநோய் வாட்டியது. அதன் நினைவாக 1602 முதல் 1604 வரை அக்கல்வாரி எழுப்பப்பட்டது. அதன் சிலுவைத்தண்டில் கணுக்கணுவாய்ப் புடைப்புகள் காணப்படும். அவை நோயாளரின் உடலிற் கண்ட கட்டிகளைக் குறிப்பன என்பர். இறந்தாரின் வேதனையையே கல்லில் வடித்து, அதன்முன் நின்று வணங்கிய அம்மக்களின் நெஞ்சுரத்தை என்னென்பது!

இக்கற்களுக்கும் இடர் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793, 1794 ஆம் ஆண்டுகளிற் பல சிலுவைகள் உடைக்கப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் ஊரார் பலவற்றை மீண்டும் நிறுத்தினர். புளுகஸ்தெல் கல்வாரி 1944 ஆம் ஆண்டுப் போரிற் சிதைந்து, பின்னர் செப்பனிடப்பட்டது.

அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 ஆம் ஆண்டுச் சட்டம், பொது இடங்களிற் புதிய சமயச் சின்னங்கள் எழுப்புவதைத் தடுத்தது. கல்லறைகள் முதலிய சிலவற்றுக்கே விலக்களித்தது. முன்னரே நின்றவற்றை அது அகற்றச் சொல்லவில்லை. புளோயர்மெல் என்னும் ஊரில் 2006 இல் நிறுவிய சிலைக்கு மேலிருந்த சிலுவையை அகற்ற வேண்டுமென அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்தது. சட்டத்திற்கு முந்திய சிலுவைகளைச் செப்பனிடலாம் என்பதும் அம்மன்றத்தின் கருத்தே.

இவ்வேறுபாடு சிலர்க்கு முரணாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. புதிய சிலுவை, நிறுவுவோரின் நம்பிக்கையைப் பறைசாற்றுவது. பழைய சிலுவையோ, நம்புவோர்க்கும் நம்பாதார்க்கும் பொதுவாகிய முன்னோரின் கண்ணீர். அதன்முன் தலைவணங்காதவனும் அதனைக் காக்கக் கடமைப்பட்டவன்.