சிறிய திரைப்பட விழாவும் நம் பிள்ளைகள் எடுக்கும் படமும்



தோட்டத்தில் படம் போட்ட காலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, இருட்டும் வரை காத்திருந்து, பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த படங்கள் அவை. படம் எங்கிருந்தோ வரும். பார்ப்பது மட்டும்தான் நம் பங்கு. இன்று நிலைமை மாறிவிட்டது. தோட்டத்தில் இருப்பவர்கள் வீட்டிலும் சரி, தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டவர்கள் வீட்டிலும் சரி, கைத்தொலைபேசியிலோ வாடகைக்கு எடுத்த கேமராவிலோ படம் பிடிக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம்.

அப்படிப்பட்ட பிள்ளை ஒரு நாள் வந்து, “அப்பா, நூறு வெள்ளி வேண்டும். என் பேய்ப் படத்தை வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன்” என்று கேட்டால் என்ன சொல்வது? வீண் செலவு என்று விரட்டுவதும் சரியல்ல. பிள்ளை கேட்டுவிட்டதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பதும் சரியல்ல. அந்த நூறு வெள்ளி எங்கே போகிறது, அதற்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுக் கொடுப்பதே முறை. அதைத்தான் இன்று விளக்க முயல்கிறேன்.

பேய்ப் படம், துப்பறியும் படம், அடிதடிப் படம், விண்வெளிக் கதை, செத்தவன் எழுந்து வரும் கதை என்று, என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மக்கள் பார்க்கப் போகிற படங்கள் உண்டல்லவா? இவற்றை வகைப்படங்கள் என்று சொல்லலாம். பெரிய கம்பெனியின் பணமில்லாமல், சொந்தச் சேமிப்பிலும் நண்பர்கள் உழைப்பிலும் எடுக்கப்படுவது சுயேச்சைப் படம். நம்மவர்களுக்கு இந்தக் கதைகள் புதியனவல்ல. விடியலுக்கு முன் தலைவிளக்கோடு பால்மரக் காட்டுக்குப் போனவர் என்ன சத்தம் கேட்டார் என்று லயத்து வாசலில் சொல்லப்பட்ட கதைகளைத் தொகுத்தாலே பத்துப் படம் எடுத்துவிடலாம்.

இத்தகைய படத்தைக் கான், பெர்லின், வெனிஸ் போன்ற பெருவிழாக்களுக்கு அனுப்பக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் அங்கே ஆயிரக்கணக்கில் படங்கள் குவிகின்றன. பேய்ப் படத்துக்கும் விந்தைக் கதைக்குமென்றே நடக்கும் விழாக்களும் பல உண்டு. ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஊரான சிட்ஜெஸில் 1968 முதலும், தென்கொரியாவின் புச்சோன் நகரில் 1997 முதலும் அப்படிப்பட்ட விழாக்கள் நடந்து வருகின்றன. அவை இன்று பெரிய பெயர் எடுத்துவிட்டன. நான் சொல்ல விரும்புவது அவற்றைவிடச் சிறிய ஓர் ஊரைப் பற்றி. அதைக் கேட்டால் உங்களுக்கு நம் தோட்டத்துக் கதையே நினைவுக்கு வரும்.

ஜப்பானின் வடக்கே ஹொக்கைதோ என்னும் பெரிய தீவு. அதன் மலைகளுக்கு நடுவே யூபாரி என்னும் ஊர். நிலக்கரிதான் அதன் பிழைப்பு. 1960இல் அங்கே ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிறகு நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1981இல் நடந்த ஒரே சுரங்க விபத்தில் 93 பேர் மாண்டார்கள். 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. கம்பெனி போய்விட்டால் கம்பெனி வீடுகளுக்கும் கடைத்தெருவுக்கும் என்ன கதி என்பதை, ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டதை நேரில் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1990இல்தான் அந்த ஊர் ஓர் அனைத்துலகத் திரைப்பட விழாவைத் தொடங்கியது. கற்பனையும் விந்தையும் நிறைந்த படங்களுக்கான விழா. அதுவும் பனி கொட்டும் குளிர்காலத்தில்! 1993இல் குவென்டின் டாரன்டினோ என்னும் அமெரிக்க இளைஞர் தம் முதல் படத்தோடு அங்கே வந்தார். உலகப் புகழ் பெற்ற பின், 2003இல் வெளிவந்த ‘கில் பில்’ படத்தில் ஒரு பெண் பாத்திரத்துக்கு கோகோ யூபாரி என்று அந்த ஊரின் பெயரையே வைத்தார்.

விழா ஊரைக் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சுற்றுலாவை நம்பி நகராட்சி கொட்டிய பணமும் கடனாகவே சேர்ந்தது. 2006இல் 3,500 கோடி யென்னுக்கு மேற்பட்ட கடனோடு நகராட்சி கை விரித்தது. 2007இல் விழா நடைபெறவில்லை. ஆனால் ஆர்வலர்கள் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கி, 2008இல் அதை மீண்டும் நடத்தினார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஊரில் இருந்தவர்கள் சுமார் 7,300 பேர்தான். நம் நாட்டில் ஒரு சிறு பட்டணத்தில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

அந்தச் சின்ன ஊர் விழாவில், திரையரங்கு காணாத சுயேச்சைப் படங்களுக்கென்று தனிப் போட்டி ஒன்று வைத்தார்கள். 2000இல் அதில் முதற்பரிசு பெற்ற யமாஷிதா நொபுஹிரோ, 2009இல் பெற்ற இரியே யூ இருவரும் பின்னர் ஜப்பானில் நன்கு அறியப்பட்ட இயக்குநர்களானார்கள்.

2018இல் அங்கே காட்டப்பட்ட ஒரு படத்தின் கதை இன்னும் சுவையானது. ‘கேமராவை நிறுத்தாதே’ என்று பொருள்படும் பெயர் கொண்ட படம் அது. இயக்கியவர் உவேதா ஷின்இச்சிரோ. நடித்தவர்கள் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த, பெயர் தெரியாதவர்கள். செலவு ஏறக்குறைய 30 லட்சம் யென். அப்போதைய நம் கணக்கில் ஒரு லட்சம் வெள்ளி அளவு. செத்தவர்கள் எழுந்து துரத்தும் படம் ஒன்றை ஒரு குழு எடுப்பதுதான் கதை. முதல் 37 நிமிடம் ஒரே ஓட்டமாக, வெட்டாமல் எடுக்கப்பட்டது. பார்த்தால் தட்டுத் தடுமாறி எடுத்த மட்டமான படம் போலத் தோன்றும். அந்தத் தடுமாற்றம் ஒவ்வொன்றுக்கும் காரணம் பிற்பாதியில் வரும்போதுதான் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

2017 நவம்பரில் தோக்கியோவின் சிறு அரங்கு ஒன்றில் ஆறு நாள் ஓடியது. 2018 மார்ச்சில் யூபாரியில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தரும் பரிசைப் பெற்றது. அடுத்த மாதம் இத்தாலியின் ஊதினே விழாவில் பார்வையாளர் வாக்கில் இரண்டாம் இடம். ஜூன் மாதம் இரண்டே அரங்குகளில் வெளியிட்டார்கள். பிறகு அது இருநூறுக்கும் மேற்பட்ட அரங்குகளுக்குப் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. போட்ட பணம் ஆயிரம் மடங்கு! எல்லாப் படத்துக்கும் இப்படி நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். லாட்டரியில் முதற்பரிசு விழுவது போலத்தான். கவனிக்க வேண்டியது வேறு. பொறுமையில்லாத ஒருவர் இந்தப் படத்தைத் தனியே பார்த்திருந்தால், பத்து நிமிடத்தில் நிறுத்தியிருப்பார். இத்தகைய படங்களை நேசிக்கும் கூட்டம் ஒன்று இருட்டு அரங்கில் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் அது பிழைத்தது. சின்ன விழா தருவது அந்தக் கூட்டத்தைத்தான். நூறு வெள்ளி அதற்காகத்தான்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. தோட்டத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றித் தீபக் குமரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’ 2005இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளை குண்டர் கூட்டத்தின் பக்கம் இழுபடுவதைச் சொல்லும் ‘ஜகாட்’, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கத்தில் 2015இல் வந்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது.

சரி, எந்த விழாவுக்கு அனுப்புவது? இன்று பெரும்பாலான விழாக்கள் இணையத்தின் வழியாகவே படத்தைப் பெறுகின்றன. ஃபிலிம்ஃப்ரீவே என்னும் இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கான விழாக்களின் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பதாலேயே ஒரு விழா நல்ல விழா ஆகிவிடாது. மாதந்தோறும் “விழா” நடத்தி, பணம் கட்டியவருக்கெல்லாம் பரிசு அறிவித்து, இலை வளையம் போட்ட ஒரு சின்னத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, கோப்பை வேண்டுமானால் அதற்குத் தனியாகப் பணம் கேட்பவர்களும் அங்கே உண்டு. அரங்கும் கிடையாது, பார்ப்பவரும் கிடையாது. பிள்ளை மகிழ்ச்சியோடு முகநூலில் போட்டுக்கொள்ளும், அத்தோடு சரி.

ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற ஆண்டு எந்த ஊரில், எந்த அரங்கில் படங்கள் காட்டப்பட்டன? எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் படம் என்ற நிகழ்ச்சி நிரல் இருக்கிறதா? அங்கே படம் காட்டிய ஒருவரிடம் எழுதிக் கேட்க முடியுமா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விழாக்களும் கட்டணம் வாங்குவதுண்டு. அரங்கு வாடகை, ஆள் செலவு எல்லாம் இருக்கிறதே. குறும்படத்துக்கு 20, 30 அமெரிக்க டாலர் என்பது சாதாரணம். முன்கூட்டி அனுப்பினால் குறைவு, கடைசி நேரத்தில் அனுப்பினால் கூடுதல். கட்டணமே வாங்காத விழாக்களும் உண்டு. வசதியில்லை என்று பணிவாக எழுதிக் கேட்டால் தள்ளுபடி தருபவர்களும் உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அனுப்பும் முன் விதிகளை வரி விடாமல் படிக்க வேண்டும். நீளம் மிக முக்கியம். விழாக்களில் குறும்படங்களைச் சேர்த்து ஒன்றரை மணி நேரக் காட்சியாகத் தொகுப்பார்கள். 28 நிமிடப் படம் ஒன்றைச் சேர்த்தால், 9 நிமிடப் படங்கள் மூன்றை விட வேண்டும். அப்படி விட மனம் வருவது கடினம். பத்து நிமிடத்துக்குள் சொல்லக்கூடிய பேய்க் கதையைப் பத்து நிமிடத்துக்குள் சொல்வதே உசிதம். தமிழ் வசனத்துக்கு ஆங்கில எழுத்துரை கட்டாயம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். சில விழாக்கள் வேறெங்கும் காட்டப்படாத படத்தையே கேட்கும். ஆகையால், பதில் வரும் வரை படத்தை யூடியூபில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிடக் கூடாது. கடவுச்சொல் போட்ட இணைப்பை மட்டும் தேர்வாளருக்கு அனுப்பினால் போதும்.

இனி, நம் பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். பின்னணியில் பிரபலமான சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பாட்டுக்கு இரண்டு உரிமை உண்டு: மெட்டும் வரிகளும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. இரண்டுக்கும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். பெயரைப் போட்டு நன்றி சொன்னால் போதும் என்பதும், பத்து விநாடிதானே என்பதும் செல்லாது. “எல்லா உரிமையும் என்னிடம் இருக்கிறது” என்று உறுதி கூறித்தான் விண்ணப்பத்தை அனுப்புகிறோம். பொய்யாகக் கூறினால் பொறுப்பு பிள்ளையின் தலையில்தான் விழும். உறுமி அடிக்கவும் தபேலா வாசிக்கவும் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லையா? அவர்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளலாம்.

கதைக்கும் இதே கவனம் தேவை. மேலே சொன்ன ஜப்பானியப் படம் வெற்றி பெற்ற பிறகு, அதற்குத் தம் மேடை நாடகமே மூலம் என்று ஒருவர் உரிமை கேட்டார். அது பத்திரிகை வரை போய், 2019இல் இருவரையும் மூலக்கதை ஆசிரியர்களாகக் குறிப்பிடுவதென்று முடிந்தது. பணம் வருமுன் யாரும் சண்டை போடுவதில்லை. நடித்தவர், எழுதியவர், கேமரா பிடித்தவர் எல்லாரும் நண்பர்களாக இருக்கும்போதே, யாருக்கு எந்தப் பெயர், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மற்றவை சில்லறை வேலைகள். கதையை மூன்று வரியில் சொல்லும் சுருக்கம் ஒன்று, படத்திலிருந்து தெளிவான இரண்டு மூன்று நிழற்படங்கள், இயக்குநரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தேர்வாகிவிட்டால் அரங்குக்கேற்ற வடிவில் படத்தைக் கேட்பார்கள். அதை எப்படித் தயாரிப்பது என்று விழாக்காரர்களிடமே கேட்கலாம். ஒன்று மட்டும் தனியே நினைவில் வையுங்கள். அதே படத்தை நம் ஊர் மண்டபத்தில் பொதுமக்களுக்குக் காட்ட விரும்பினால், 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு விழாவில் காட்டியதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

பதில் வர மூன்று நான்கு மாதம் ஆகலாம். “மன்னிக்கவும்” என்று வரும் கடிதங்களே அதிகமாக இருக்கும். பெரும்பாலும் காரணம் சொல்ல மாட்டார்கள். ஒரே படத்தை ஐந்து விழாக்களுக்கு அனுப்பி ஒன்றில் இடம் கிடைத்தாலே நல்லது என்று வைத்துக்கொண்டு, வீட்டில் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இறுதி நாள் எந்த நாட்டு நேரப்படி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இரவு பதினொரு மணி என்றால் ஜப்பானில் அப்போதே நள்ளிரவு. அங்கே கதவு மூடியிருக்கும்.