அறிவுசார் குறைபாடுள்ளோரின் நீதிமன்றச் சாட்சியம்

பாலியல் வன்கொடுமை பெரும்பாலும் பிறர் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. அதனால் அத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் சொல்லும் வாய்மொழியே முதன்மைச் சான்றாகிறது. அவர் அறிவுசார் குறைபாடு உடையவர் என்றால், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்பே வேறொரு கேள்வி எழுகிறது: இவரைச் சாட்சியாக ஏற்கலாமா? இதற்கு 'இல்லை' என்று விடை வந்துவிட்டால், பல வழக்குகள் அங்கேயே முடிந்துபோகின்றன.

அறிவுசார் குறைபாடு என்பது மனநோய் அன்று. கற்றல், காரணம் காணுதல், அன்றாடச் செயல்களைத் தாமே செய்தல் ஆகியவற்றில் சிறு வயது முதலே காணப்படும் குறைவே அது. அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறுபடும்.

தகுதியும் நம்பகத்தன்மையும்

சாட்சியைப் பற்றி நீதிமன்றம் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியுள்ளது. சாட்சி சொல்லும் தகுதி இவருக்கு உண்டா என்பது முதலாவது. இவர் சொன்னதை நம்பலாமா என்பது இரண்டாவது. தகுதி உண்டு என்றால் கூண்டில் ஏறிப் பேசலாம் என்பது மட்டுமே பொருள். சொன்னதெல்லாம் உண்மை என்று ஏற்றுக்கொண்டதாக ஆகாது. குறுக்கு விசாரணையும் மற்றச் சான்றுகளும் அதன் பிறகு வருகின்றன. இந்த இரண்டு படிகளும் ஒன்றாகக் கலந்துவிடும்போதுதான் அநீதி நேர்கிறது. இதற்குக் கனடாவில் நடந்த ஒரு வழக்கு தெளிவான எடுத்துக்காட்டு.

கனடா வழக்கு

ஆர். எதிர் டி.ஏ.ஐ. எனப்படும் அவ்வழக்கில் பாதிக்கப்பட்டவராகக் கூறப்பட்டவர் இருபது வயதைக் கடந்த பெண். அவரது மனவளர்ச்சி மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு உரியது என மதிப்பிடப்பட்டிருந்தது. தாயின் துணைவராக வீட்டில் வாழ்ந்தவர் தம்மைத் தொடர்ந்து துன்புறுத்தியதாக அவர் தம் ஆசிரியரிடமும் காவல்துறையிடமும் கூறியிருந்தார்.

விசாரணை நீதிமன்றத்தில் அவரது தகுதி சோதிக்கப்பட்டது. அறையின் நிறம் போன்ற எளிய, கண்முன் உள்ள பொருள்களைக் கொண்டு கேட்டபோது எது உண்மை, எது பொய் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிந்தது. உண்மை என்றால் என்ன, வாக்குறுதி என்றால் என்ன, பொய் சொன்னால் என்ன நேரும் என்பன போன்ற கருத்தளவிலான கேள்விகளுக்குத் தெரியாது என்றே விடை வந்தது. உண்மை பேசும் கடமையை அவர் உணர்ந்ததாகக் காட்டவில்லை என்று கூறி, நீதிபதி அவரைச் சாட்சி சொல்ல அனுமதிக்கவில்லை. ஆசிரியரிடமும் காவல்துறையிடமும் அவர் முன்பு கூறியவையும் ஏற்கப்படவில்லை. எஞ்சிய சான்றுகள் போதாமல் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார். ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

2012 பிப்ரவரி 10 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, இத்தகைய சாட்சிக்கு வேண்டியவை இரண்டே: நடந்ததைத் தெரிவிக்கும் திறன், உண்மை பேசுவேன் என்ற வாக்குறுதி. உண்மையின் இலக்கணத்தை விளக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தகுதிக்கான அளவுகோலை மிக உயர்த்தி வைத்தால், இத்தகையோரைத் துன்புறுத்துவோர் தண்டனைக்கு அஞ்சாமல் இருக்க வழி ஏற்படும் என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

மூன்று நீதிபதிகள் இதிலிருந்து மாறுபட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை பெறும் உரிமை உண்டு, அதற்கான காப்புகள் தளர்ந்துவிடக் கூடாது என்பது அவர்களின் கவலை. அது புறந்தள்ளக் கூடிய கவலை அன்று. சாட்சியைக் கேட்ட பிறகு நம்பகத்தன்மையை ஆராய்வதே அதற்குப் பெரும்பான்மையினர் தந்த விடை. வாக்குறுதியின் தன்மை புரிகிறதா என்று இத்தகைய சாட்சியிடம் கேட்கக் கூடாது என 2015-இல் கனடாவின் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 118-ஆம் பிரிவில் ஓர் எளிய சோதனையையே வைத்தது. கேட்கும் கேள்வியைப் புரிந்துகொள்ளவும் அதற்கு அறிவுக்கேற்ற விடை சொல்லவும் முடிந்த எவரும் சாட்சி சொல்லலாம். அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 124-ஆம் பிரிவில் இதே விதியைத் தொடர்கிறது.

1952-இல் ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில், எட்டு வயதுச் சிறுமியிடம் சத்தியப் பிரமாணம் வாங்காமல் சாட்சியம் பதிவுசெய்யப்பட்டது பற்றிய கேள்வி எழுந்தது. பிரமாணம் வாங்காதது சாட்சியின் தகுதியைப் பாதிக்காது, நம்பகத்தன்மையை எடைபோடும்போது கருதத்தக்க ஒன்று மட்டுமே என உச்ச நீதிமன்றம் கூறியது.

2013-இல் வந்த குற்றவியல் திருத்தச் சட்டம் மேலும் சில வசதிகளைத் தந்தது. மாற்றுத்திறனாளி பாதிக்கப்பட்டிருந்தால், அவரது வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் காவல்துறை புகாரைப் பதிவுசெய்ய வேண்டும். அது காணொளியாகவும் பதிவாக வேண்டும். குற்றவியல் நடுவர் முன் அவர் அளிக்கும் வாக்குமூலமே முதல் விசாரணையாகக் கொள்ளப்படும். நடந்த கொடுமையை நீதிமன்றத்தில் மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. குறுக்கு விசாரணைக்கு விடையளித்தால் போதும்.

எனினும் ஓர் இடைவெளி உண்டு. குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் உள்ள 'வயது' மனவளர்ச்சி வயதையும் குறிக்குமா என்று 2017-இல் ஈரா எதிர் டெல்லி அரசு வழக்கில் கேட்கப்பட்டது. பிறப்பின்படியான வயதையே அது குறிக்கும் என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே பதினெட்டு வயது நிறைந்தவருக்கு, மனவளர்ச்சி எவ்வளவு குறைவாக இருந்தாலும், போக்சோ தரும் பாதுகாப்புகள் தாமாகக் கிடைப்பதில்லை.

கேள்வி கேட்கும் முறை

சட்டம் வழிவிட்டாலும், விடை அமைவது கேள்வியைப் பொறுத்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர் அதிகாரம் உள்ளவர் கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முன்பு சொன்னது தவறு போலும் என்று எண்ணி விடையை மாற்றுவதும் உண்டு. வகுப்பறையில் பாடம் நடத்திய எவருக்கும் இது புதிதல்ல.

"அவர் அன்று மாலை உன் அறைக்கு வரவில்லை, அப்படித்தானே?" என்ற கேள்வியில் எதிர்மறையும் காலக் குறிப்பும் தூண்டுதலும் சேர்ந்து வருகின்றன. 'ஆமாம்' என்ற விடைக்கு இங்கே என்ன பொருள் என்று கேட்டவருக்கே விளங்காது. "அறைக்கு யார் வந்தார்? பிறகு என்ன நடந்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் விடை தெளிவாக வரும். தேதி தெரியாதவருக்கு 'தீபாவளிக்கு முன்னா, பின்னா' என்பது தெரிந்திருக்கலாம். பெயர் சொல்ல வராத உறுப்பைப் பொம்மையிலோ படத்திலோ காட்டச் சொல்லலாம். இடையிடையே ஓய்வும் வேண்டும்.

இவை சாட்சிக்குக் காட்டும் சலுகைகள் அல்ல. குழப்பமான கேள்விக்கு வந்த விடையை வைத்து ஒருவரைத் தண்டிப்பதும் தவறு, விடுவிப்பதும் தவறு. புரியும்படி கேட்டுப் பெற்ற விடையே இரு தரப்புக்கும் நியாயமானது.