வழுவும் பிறழ்ச்சியும்

மென்பொருளின் நம்பகத்தை ஆராயப் புகுவார் முதற்கண் இரண்டு சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஆணைத்தொடருள் எழுதுவோர் விட்ட குறை வழு. அக்குறை காரணமாக, இயங்குங்கால் பயன்படுத்துவோர் காணும் கேடு பிறழ்ச்சி. வழு கிடப்பது, பிறழ்ச்சி நிகழ்வது. இரண்டையும் ‘பிழை’ என்னும் ஒரு சொல்லால் வழங்குவாரும் உளர். அதனால் விளையும் மயக்கம் சிறிதன்று.

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்வர்டு ஆடம்சு, அந்நிறுவனத்தின் பெரிய மென்பொருள்கள் ஒன்பதனை ஆராய்ந்து 1984-இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார். கண்ட வழுக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கணினி ஒன்று 5000 ஆண்டு இடையறாது இயங்கினால் ஒரு முறை வெளிப்படும் இயல்பின. பின்னர் அவை எவ்வாறு கண்ணிற்பட்டன எனின், ஒரே மென்பொருள் எண்ணற்ற கணினிகளில் இயங்கியமையால் என்க. அடிக்கடி இடர் விளைத்தவையோ நூற்றுக்கு இரண்டினும் குறைவு. திருத்தமே புதிய வழுவைப் புகுத்துதலும் உண்டு. ஆகவே, நன்கு இயங்கும் கணினியில் எல்லாத் திருத்தங்களையும் முன்கூட்டியே ஏற்றுதல் நன்றோ என்பது ஆடம்சு எழுப்பிய வினா. களைந்த வழுக்களின் தொகையைக் காட்டி நம்பகம் உயர்ந்தது என்பார் இதற்கு விடை கூறுதல் அரிது.

சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பக மென்பொருளை ஃபென்டன், ஓல்சன் இருவரும் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்புடையது. வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனையில் மிகுதியாக வழுப்பட்ட கூறுகள், வெளியீட்டுக்குப் பின் பெரும்பாலும் வழுவின்றி நின்றன. பின்னர் இடர் தந்தவை முன்னர்க் குற்றமற்றனவாகத் தோன்றியவையே. நன்கு சோதிக்கப்பட்டமையால் முன்னவை தூய்மையுற்றன எனக் கொள்ளலாம். அங்ஙனமாயின், வழுக் காணாமை செம்மைக்குச் சான்றாகாது. சோதனைக் குறைவுக்கும் அது சான்றாகலாம்.

வழு அரிதின் வெளிப்படுதலும் நிலைத்த இயல்பன்று, பயன்பாட்டைப் பொறுத்தது. ஏரியன் 4 ஏவுகலத்தின் வழிகாட்டுக் கருவியில் 64 இரும எண் ஒன்றை 16 இரும இடத்துள் அடக்கும் ஆணை இருந்தது. அக்கலத்தின் வேகத்துக்கு அது தீங்கு செய்யவில்லை. அவ்வாணையே, ஏரியன் 5 1996 சூன் 4-ஆம் நாள் முதன்முறை எழுந்தபோது, மிகுந்த கிடைவேகத்தால் எண் இடத்துள் அடங்காமையின், கருவியை நிறுத்தியது. அதனை ஒத்த மாற்றுக் கருவியும் அதே மென்பொருளைக் கொண்டமையால் அதே காரணத்தால் நின்றிருந்தது. ஏறத்தாழ 40 நொடியில் கலம் சிதைந்தது.