கடற் கொந்தளிப்பும் விலங்குப் பிளாந்தனும்

பிலிமத்தலாவையிற் பெய்யும் மழை மகாவலியோடு கலந்து, திருகோணமலையையடுத்த கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்கின்றது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகியன சொரியும் வெள்ளத்தோடு ஒப்பிடின் இது சிறிதே. இந்நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின் வங்காள விரிகுடாவின்மேல் மூடிபோற் பரந்து நிற்கின்றது. காற்றெழுப்பும் கொந்தளிப்பு அம்மூடியை எளிதிற் கடவாது. அராபிக் கடலின் வடபாகத்திலோ, மாரிக்குளிராற் கனத்த மேல்நீர் தாழ்ந்து, கலப்புப்படை ஏறத்தாழ 100 மீற்றர் வரை ஆழ்கின்றது.

விலங்குப் பிளாந்தனுள் பெருந்தொகையின, இறாலுக்கு உறவான கொப்பிபோடாக்கள். அவை பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீளத்தனவே. அலைந்து திரிவது என்று பொருள்தரும் கிரேக்கப் பெயரைக்கொண்டு அவற்றை வெறும் மிதவைகளெனக் கருதுதல் தவறு. இரவில் மேலேறிப் பகலிற் கீழிறங்கும் நீந்துதிறன் அவற்றுட் பலவற்றுக்குண்டு. மென்கொந்தளிப்பு நன்மையே செய்யும். இரையை அருகே கொணரும். றொத்சைல்டு, ஒசுபோன் என்போர் 1988இல் இதனைக் கணிதமுறையில் விளக்கினர். கொந்தளிப்பு மிகுமாயின், பற்றுமுன் இரை நழுவும். அப்போது வலிய இனங்கள் சில அமைதியான கீழ்ப்படைக்கு இறங்குகின்றன. நீந்துவலி குன்றியவை மேற்படை முழுவதிலும் சிதறுண்கின்றன. இறங்குதற்கும் எல்லையுண்டு: அராபிக் கடலில் ஏறத்தாழ 150 மீற்றருக்குக் கீழ் ஒட்சிசன் மிகக் குறைவு, ஆங்கு வாழவல்ல இனங்கள் சிலவே.

இரை சிதறுதல் மீன்குஞ்சுக்குக் கொடிது. கருவூண் தீர்ந்த சில நாட்களுள் செறிந்த இரைப்படை கிட்டாவிடின் அது மடியும். 1970களிற் கலிபோர்னியாக் கரையில், புயலொன்று அத்தகைய படையைக் கலைத்தமையை றூபன் லாசுக்கர் கண்டார். கரைவலையில் ஓராண்டு மீன் குறைதற்கு, முன்னொருநாள் வீசிய காற்றும் காரணமாதல் கூடும்.