பழைய விதை தாமதித்து முளைப்பது ஏன்?

ஈராண்டு குதிரில் கிடந்த நெல்லையும், உறக்க காலம் கழிந்த புது நெல்லையும் ஒரே நாளில் ஊறவைத்தால், புது நெல் முளை காட்டிய பின்பும் பழையது பின்தங்கி நிற்கும். விதை வலுவிழந்துவிட்டது என்பார்கள். அது பாதி உண்மை. அந்த நேரத்தில் விதை தன் பழுதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது மீதி.

விதையின் ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் இரட்டைப் புரி உள்ளது. பயிரின் குணங்கள் யாவும் அதில்தான் எழுதப்பட்டுள்ளன. வெப்பமும் பிராணவாயுவும் அதை ஓயாமல் சேதப்படுத்துகின்றன. பச்சைப் பயிரில் நொதிகள் அவ்வப்போதே சரிசெய்துவிடும். உலர்ந்த விதையில் நொதிகள் வேலை செய்ய நீர் இல்லை, சேதம் குவிகிறது. நீர் உட்புகுந்ததும், உயிரணு பிளவுபடும் முன்பே பழுதுபார்ப்பு தொடங்குகிறது. ஒரு புரி மட்டும் கெட்டிருந்தால் கெட்ட துண்டை வெட்டி நீக்கி, எதிர்ப்புரியைப் பார்த்து நிரப்பிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சங்கடம். முனைகளை அவசரமாக ஒட்டும்போது எழுத்து விடுபடலாம். வேறு முனையோடும் ஒட்டிவிடலாம்.

சரிசெய்யாமலே உயிரணு பிளவுபட்டால், நகலெடுக்கையில் சேதத்திற்கு எதிரே தவறான எழுத்து அமரக்கூடும். அடுத்த நகலில் இரு புரியிலும் அது பொருந்திவிடும். பிறகு அதைப் பிழையென்று கண்டுகொள்ள எந்த நொதியாலும் இயலாது. இதுவே திடீர் மாற்றம். பழைய விதைகளில் இது மிகுவதை ருஷ்ய விஞ்ஞானி நவாஷின் 1933-லேயே வெளியிட்டார்.

2016-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் இன்னொன்றையும் காட்டினர். கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில், சேதத்தைக் கண்டு முளைப்பை நிறுத்திவைக்கும் புரதத்தை இல்லாமற் செய்தபோது, பழைய விதைகள் தாமதமின்றி முளைத்தன. ஆனால் குரோமோசோம் கோளாறுகள் மிகுந்திருந்தன. தாமதம் காவல்தான் என்பது இதனால் தெளிவாகிறது.

முளைப்புக் குறைந்த விதையைக் கூடுதலாகத் தூவினால் வயலில் பயிர் எண்ணிக்கை சரியாகலாம். ஒளிந்திருக்கும் மாற்றமோ அடுத்த தலைமுறையில், பச்சையமற்ற வெள்ளை நாற்றாகவோ மலட்டுக் கதிராகவோ தலைகாட்டக்கூடும். எனவே உணவுக்கான பயிருக்கு அதைப் பயன்படுத்தினாலும், விதைப்பண்ணைக்கு எடுக்கலாகாது. ஈரச் சாக்கில் 100 நெல்லைச் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். 80-க்குக் குறைந்தால் விதைக்கு ஆகாது. சேமிக்கும் நெல்லின் ஈரப்பதம் 13 சதத்தைத் தாண்டக்கூடாது. ஈரம் ஒரு சதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை நூலார் கணக்கு. நிலக்கடலையை விதைக்கும் காலம் வரை தோலோடு வைத்திருந்து, அப்போது உடைத்தால் போதும்.