பென்ஷன் பிடித்தத்தை நிறுத்தினா வாடகையை சமாளிக்கலாமா? பிரிட்டனில் 80 பவுண்டு 36 ஆகும் கணக்கு இதுதான்!

லண்டனில் வாடகை கட்டவே சம்பளம் பத்தல. 'பென்ஷனுக்குப் பிடிக்கிற காசை நிறுத்திட்டா கையில் கொஞ்சம் கூடுமே' என்று பலரும் யோசிப்பதுண்டு. ஆனால் அரசின் வாடகை உதவி வாங்கும் குடும்பம் இதைச் செய்தால் எதிர்பார்த்த பணம் கைக்கு வராது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

வாடகை உதவி எப்படி கணக்கிடப்படுகிறது?

பிரிட்டனில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற மாத உதவித்தொகை உண்டு. வாடகைக்கான பங்கும் இதற்குள்தான் வரும். வேலை செய்து சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் இந்த உதவியில் 55 பென்ஸ் குறையும். குழந்தை உள்ளவர்கள், உடல்நலக் குறைவால் வேலைத்திறன் குறைந்தவர்கள் ஆகியோருக்கு, சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை கழிவு கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டியது, முழுச் சம்பளமும் கணக்கில் வராது. வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷனுக்கு நீங்கள் கட்டும் தொகை மூன்றையும் கழித்த பிறகு வருவதுதான் 'சம்பாத்தியம்'. அதாவது பென்ஷனுக்குப் போகும் காசை அரசு உங்கள் வருமானமாகப் பார்ப்பதில்லை.

36 பவுண்டு கணக்கு

ஈஸ்ட்ஹாமில் வாடகை வீட்டில் இருக்கும், 20% வரி கட்டும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவர் கணக்கில் மாதம் 100 பவுண்டு பென்ஷனுக்குச் சேர்கிறது என்று வையுங்கள்.

* வரிச் சலுகை 20 பவுண்டு. அதனால் அவர் கையிலிருந்து போவது 80 பவுண்டு.
* வருமானம் 80 பவுண்டு குறைவதால் யுனிவர்சல் கிரெடிட் 44 பவுண்டு கூடும்.
* ஆக, உண்மையான செலவு 36 பவுண்டு மட்டுமே.

குறைந்தபட்ச விதிப்படி ஊழியர் பங்கு 5%, நிறுவனத்தின் பங்கு 3%. இவர் பெயரில் 100 சேர்ந்தால் நிறுவனம் 60 பவுண்டு போடும். 36 பவுண்டு விட்டுக்கொடுத்து 160 பவுண்டு சேருது!

நிறுத்தினால் என்ன ஆகும்?

சம்பளத்தில் 80 பவுண்டு கூடும். ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டில் 44 பவுண்டு குறையும். இந்த உதவி ஒவ்வொரு மாதக் கணக்கும் முடிந்த பிறகுதான் வரும் என்பதால், குறைவது முதலில் தெரியாது. அடுத்த தொகை வரும்போதுதான் 'என்ன குறையுதே' என்று தெரியும். நிறுவனத்தின் 60 பவுண்டும் போச்சு.

எல்லோருக்கும் இதே கணக்கா?

இல்லை. ஓய்வூதிய வயதினருக்கும், தற்காலிகத் தங்குமிடங்களில் இருப்பவர்களுக்கும் பழைய 'ஹவுசிங் பெனிபிட்' தொடர்கிறது. அதில் பென்ஷன் தொகையில் பாதி மட்டுமே கழிக்கப்படும்.

ஸ்கில்ட் ஒர்க்கர், ஸ்டூடண்ட் போன்ற விசாக்களில் இருப்பவர்கள் பொதுவாக அரசு நிதி உதவி பெற முடியாது. அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் பலர் இந்த வகையில்தான் வருவார்கள். அவர்களுக்கு இந்த 44 பவுண்டு கிடையாது. ஆனாலும் வரிச் சலுகையும் நிறுவனத்தின் பங்கும் உண்டு.

இதையெல்லாம் மறக்காதீங்க

* சம்பளத்தில் பிடித்தால் விவரம் பெரும்பாலும் தானாகவே போய்விடும். நீங்களே தனியாக பென்ஷன் கட்டினால், அதை யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் தெரிவிக்க வேண்டும்.
* ஓய்வூதிய வயது வரும்வரை, எடுக்காமல் வைத்திருக்கும் பென்ஷன் பணம் சேமிப்பாகக் கணக்கிடப்படாது. மொத்தமாக எடுத்து வங்கியில் போட்டால் கணக்கில் வரும். சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் உதவி குறையும், 16,000-ஐத் தாண்டினால் நின்றே போகும்.
* திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் விலகினால்தான் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அதன்பின் பொதுவாக 55 வயது வரை காத்திருக்கணும். 2028 ஏப்ரல் முதல் இது 57 ஆகிறது.

மொத்தத்தில், வாடகை நெருக்குகிறது என்று பென்ஷனில் கை வைக்கும் முன், பே ஸ்லிப்பையும் யுனிவர்சல் கிரெடிட் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் நிற்கப்போவது 80 இல்லை, 36 தான்.