தேடிய பின் அழித்தல்

லினக்ஸ் கணினியில் வட்டு நிரம்பிவிட்டால், குவிந்து கிடக்கும் தற்காலிகக் கோப்புகளை ஒரே கட்டளையால் நீக்கிவிடுவது க்ஷேமமானதுதானா என்று அன்பர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். க்ஷேமமானதே, ஆனால் கருவியின் சுபாவம் தெரிந்திருக்க வேண்டும்.

1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் வளர்ந்துவந்த நாட்களில் டிக் ஹெய்ட் என்பவர் எழுதிய 'ஃபைண்ட்' என்னும் தேடும் கருவி, கோப்பகத்துக்குள் கோப்பகமாக இறங்கி, எதிர்ப்படும் ஒவ்வொரு கோப்பையும் நாம் விதித்த நிபந்தனைகளால் இடமிருந்து வலமாக, ஒன்றில் தேறினாலன்றி அடுத்ததற்குச் செல்லாத கிரமத்தில், சோதித்துக்கொண்டே போகிறது. என்னை வசீகரித்தது இந்தக் கிரமந்தான். ஏனெனில் அழித்தலும் அதற்கு வரிசையில் நிற்கும் இன்னொரு சொல்லே. "ஃபைண்ட் . -நேம் '*.டிஎம்பி' -டெலீட்" என்றால் பெயர் பொருந்தியவை மட்டுமே போகும். அதே சொற்களில் '-டெலீட்'டைப் பெயருக்கு முன்னால் நிறுத்திவிட்டாலோ, அந்தக் கோப்பகத்தின் கீழுள்ள ஒவ்வொன்றும் அழிக்கப்பட்ட பிறகே அதன் பெயர்ச் சோதனைக்கு முறை வரும்! முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு உட்காரும் என் பாட்டி, கல் என்று கண்ணால் நிச்சயித்த பின்பே விரலால் பொறுக்கி எறிவாள். அந்த நிதானத்தை எழுதும் வரிசையிலேயே நாம் வைத்தாக வேண்டும். இங்கே அழிந்தது குப்பைத்தொட்டியில் காத்திருப்பதில்லை.

தேடிய பெயர்களை 'எக்ஸார்க்ஸ்' வழியே, அழிக்கும் 'ஆர்எம்' கட்டளைக்கு அனுப்புவோர், பெயர்களிலுள்ள இடைவெளியை மறந்துவிடலாகாது. 'பழைய கடிதம்.டிஎம்பி' என்பது இரண்டு பெயர்களாகப் பிளந்து, 'பழைய' என்ற வேறொரு கோப்பு அநியாயமாக மாயும். சாய்கோட்டைத் தவிரப் பெயருக்குள் வரவே முடியாதது பூஜ்ய பைட் ஒன்றுதான் என்பதால், '-பிரிண்ட்0' அதையே பெயர்களுக்கிடையே எல்லையாக வைக்கிறது. 'எக்ஸார்க்ஸ் -0' அதை அறிந்து பிரிக்கிறது.

எங்கிருந்தோ நகலெடுத்த வரியை ஒருமுறை படித்துக்கூடப் பாராமல், நிர்வாகியின் சர்வாதிகாரத்தோடு இயக்கிவிடும் வழக்கம் இன்று பெருகியிருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. பிறருடைய உழைப்பும் அந்த வட்டில்தானே இருக்கிறது? '-டெலீட்' இருக்குமிடத்தில் முதலில் '-பிரிண்ட்' என்று இட்டுப் பட்டியலை நிதானமாகப் படிப்பதற்கு அதிக நேரம் ஆகாது. அந்த ஒத்திகையிலும் '-டெப்த்' என்பதைச் சேர்த்துக்கொள்வது அவசியம். '-டெலீட்' தானாகவே அடியிலிருந்து மேலேறும் அந்த முறையைக் கொண்டுவந்துவிடுவதாலும், அம்முறையில் சில கோப்பகங்களைத் தவிர்க்கச் சொல்லும் '-புரூன்' என்னும் விலக்கு செயலற்றுப்போவதாலும், அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் எவையெவை போகவிருக்கின்றன என்ற மெய்யான பட்டியல் கண்ணுக்குத் தெரியும்.